75 சதவீத அமைதி

கோடையில் காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் அரிசோனாவில் தேசியப் பூங்காவாக உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில், ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தின் பக்கம் நிற்பவருக்குக் கேட்பது மிகக் கொஞ்சம். ஊசியிலை மரங்களுக்குள் காற்று புகுந்து வெளியேறும் ஓசை. ஓர் அண்டங்காக்கை கடந்து போனால் அதன் சிறகடிப்பு தனியாகக் கேட்கும். கீழே பாதையில் யாரோ சரளைக்கல்லை மிதிக்கிறார்கள். ஆள் கண்ணில் படுமுன்பே காலடி காதில் விழுந்துவிடும். எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் தெற்கேயிருந்து ஒரு துடிப்பு வரும். முதலில் அது ஒலியாகவே தோன்றாது. தூரத்து வீட்டில் யாரோ மெத்தையைத் தட்டிப் போடுவது போல இருக்கும். பிறகு தட்டல்கள் நெருங்கி ஒரே இரைச்சலாகும். ஹெலிகாப்டர் தெரியும், பள்ளத்தாக்கைக் கடக்கும், மறையும். கண்ணுக்குத் தெரிந்தது அரை நிமிடம் என்றால் காதுக்குக் கேட்டது நான்கு நிமிடம். அது ஓய்வதற்குள் அடுத்தது கிளம்பியிருக்கும்.

இந்த எட்டு மணிக் கணக்கு தற்செயலாக அமைந்ததில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின் 93-ஆம் பகுதியில் இரண்டே வரியில் இருக்கிறது. டிராகன், ஜூனி பாயின்ட் என்ற இரண்டு வான்பாதைகளிலும் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை மாலை 6 மணியிலிருந்து காலை 8 மணி வரை வணிகச் சுற்றுலா விமானங்கள் பறக்கக் கூடாது. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மாலை 5 முதல் காலை 9 வரை. சுற்றுலாத் தலங்களின் மேல் பறக்கும் விமானங்களைக் கட்டுப்படுத்த எத்தனையோ வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள்: உயரம் குறிப்பது, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது, சத்தம் குறைந்த இயந்திரம் கேட்பது, பறக்காத பகுதிகளை வரைந்து கொடுப்பது. இத்தனையும் ஒரே இடத்தில், கிராண்ட் கேன்யனில் நடந்திருக்கின்றன. அவற்றுள் உருப்படியான பலன் தந்தது இந்த இரண்டு வரி நேரக் கட்டுப்பாடுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பது, அமைதியை எப்படி அளக்கிறோம் என்ற கேள்விக்குள் போனால்தான் புரியும்.

முதலில் வரலாறு கொஞ்சம். 1956 ஜூன் 30 அன்று இரண்டு பயணி விமானங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் மேலே மோதி 128 பேர் இறந்தார்கள். பயணிகளுக்குக் காட்சி தெரியட்டும் என்று விமானிகள் வழக்கமான தடத்தை விட்டுச் சற்று விலகிப் போவது அன்று சாதாரணம். நாடு முழுவதற்கும் ஒரே விமானக் கட்டுப்பாட்டு அமைப்பு 1958-இல் உருவாக இந்த விபத்து ஒரு பெரிய காரணம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1986 ஜூன் 18 அன்று, ஒரு ட்வின் ஆட்டர் சுற்றுலா விமானமும் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் அதே பள்ளத்தாக்கில் மோதிக்கொண்டன. 25 பேர் இறந்தார்கள். இரண்டும் ஒரே காட்சியைக் காட்டப் போனவை. யார் எந்த உயரத்தில், எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதற்குக் கட்டாய வரையறை அப்போது இல்லை. விளிம்புக்குக் கீழே இறங்கிப் பறப்பதும் வாடிக்கை.

மறு ஆண்டு, 1987 ஆகஸ்டில், தேசியப் பூங்காக்கள் மேல் பறத்தல் தொடர்பான சட்டம் வந்தது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் அரிசோனாவின் செனட்டர் ஜான் மெக்கெய்ன். கடற்படை விமானியாக இருந்தவர். பாதுகாப்புக்காகக் கேட்ட சட்டத்தில் அமைதியும் சேர்ந்து நுழைந்தது. பள்ளத்தாக்கின் 'இயற்கை அமைதி கணிசமாக மீட்கப்பட வேண்டும்' என்று சட்டம் சொன்னது. கணிசம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தேடியே அடுத்த 25 ஆண்டுகள் போயின.

1988-இல் வந்த சிறப்பு விதி பள்ளத்தாக்கின் மேல் பறக்காத பகுதிகளை வரைந்தது. பிறகு அவற்றின் பரப்பு பெரிதாக்கப்பட்டது. இன்று டெசர்ட் வியூ, பிரைட் ஏஞ்சல், டோரோவீப்–ஷினுமோ, சேனப் என நான்கு பகுதிகள். இவற்றுக்கு இடையே விடப்பட்ட சந்துகளில்தான் பறக்கலாம். சொந்த விமானத்தில் குறுக்கே கடக்க விரும்புவோருக்கு ஃபாசில் கேன்யன், டக்அப், டிராகன், ஜூனி பாயின்ட் என்று நான்கு சந்துகள். வடக்கு நோக்கிப் போனால் 11,500 அல்லது 13,500 அடி, தெற்கு நோக்கிப் போனால் 10,500 அல்லது 12,500 அடி. இதற்கென்றே தனி வான்வரைபடம் அச்சிடுகிறார்கள். சுற்றுலா விமானங்களுக்குத் தடங்கள் வேறு, உயரங்களும் வேறு.

சந்து வைப்பதால் மோதல் அபாயம் குறைகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரைச்சல் குறைவதில்லை. ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பிரைட் ஏஞ்சல், தென் கைபாப் பாதைகளில் இறங்குவோர் இதனால் தப்பித்தார்கள். ஹெர்மிட் பாதையில் இறங்குவோர் டிராகன் சந்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டார்கள். வாசலில் நின்ற வண்டியைத் தள்ளிப் பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்துவது மாதிரிதான். எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் அதிகம், எதில் குறைவு என்று பார்த்துச் செய்தால் நியாயம் சொல்லலாம். ஆனால் கூட்டத்தை விட்டு விலகி அமைதி தேடிப் போகிறவர்கள் நடப்பது ஆள் குறைந்த பாதைகளில்தான். அதனால் இந்த ஏற்பாட்டில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது.

சராசரி ஏன் பொய் சொல்கிறது

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்போரின் தொல்லையை அளக்க அமெரிக்காவில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது: 24 மணி நேர ஒலி ஆற்றலின் சராசரி, இரவு ஒலிகளுக்கு மட்டும் 10 டெசிபெல் கூட்டி. இது 65 டெசிபெல்லைத் தாண்டினால் குடியிருக்கத் தகாது என்று கணக்கு. இதே கோலைப் பள்ளத்தாக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பத்து ஹெலிகாப்டர். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் 55 டெசிபெல் அளவில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மணி நேரத்தின் சராசரி 47 டெசிபெல். பகலில் பத்து மணி நேரம் இப்படியே பறந்தாலும் நாளின் சராசரி 43 தான். 65 எங்கே, 43 எங்கே? தாளில் பார்த்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த ஹெலிகாப்டர் ஒவ்வொன்றும் மெல்லிய துடிப்பாகத் தொடங்கித் தேய்ந்து மறையும் வரை நான்கு நிமிடம் காதில் இருந்திருக்கிறது. அறுபது நிமிடத்தில் நாற்பது போய்விட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி, இங்கே செல்லாது.

காரணம் பின்னணி ஒலி. வீட்டுக்குள் ராத்திரி மின்விசிறி ஓடும் அறையில் சாதாரணமாக 40 டெசிபெல்லுக்குக் குறையாது. கிராண்ட் கேன்யனின் உட்பகுதிகளில், காற்றும் தண்ணீரும் இல்லாத இடத்தில், 20 டெசிபெல்லுக்கும் கீழே போகிறது. ஹவாயில் ஹலேயகலா எரிமலைக் குழிக்குள் 10 டெசிபெல் வரை பதிவாகியிருக்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஒலி பரவும் விதிப்படி தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். இதையே திருப்பிப் போட்டால், பின்னணி 6 டெசிபெல் குறையும்போதெல்லாம் அதே இயந்திரம் இரண்டு மடங்கு தூரத்திலிருந்து கேட்கும். பரப்பில் நான்கு மடங்கு. 50 டெசிபெல் ஊரிலிருந்து 20 டெசிபெல் பள்ளத்தாக்குக்கு வந்தால் 30 டெசிபெல் வித்தியாசம், அதாவது ஐந்து முறை இரட்டிப்பு, 32 மடங்கு தூரம். காற்று உறிஞ்சுவது, பாறை மறைப்பது எல்லாம் போக அவ்வளவு வராது என்றாலும், ஊரில் ஒரு தெருவுக்குக் கேட்பது இங்கே ஒரு தாலுகாவுக்குக் கேட்கும் என்பது மிகைப்பேச்சு அல்ல.

உயரத்தில் பறந்தால் போதுமே என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களின் மேல் தரையிலிருந்து 2,000 அடிக்குக் கீழே வராதீர்கள் என்று விமானிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலான பூங்காக்களில் அது வேண்டுகோள்தான், கட்டாயம் அல்ல. பள்ளத்தாக்கு என்றால் அதன் அடிமட்டத்திலிருந்து கணக்குப் பண்ணக் கூடாது, மேல் விளிம்பிலிருந்து பண்ண வேண்டும் என்பதும் அதில் உண்டு. பலர் தவறவிடுவது இதைத்தான். 1,000 அடியிலிருந்து 2,000 அடிக்கு ஏறினால் நேர் கீழே நிற்பவருக்கு 6 டெசிபெல் குறையும். ஒலி பாதியாகக் குறைந்ததுபோல மனித மனத்துக்குத் தோன்ற 10 டெசிபெல் குறைய வேண்டும். அதோடு உயரே போனதும் மலைமுகடுகளின் மறைப்பு போய்விடுகிறது. முன்பு ஒரு மடிப்புக்குள் அடங்கியிருந்த ஒலி இப்போது நான்கு மடிப்புகளுக்குப் பரவுகிறது. கேட்கும் நேரமும் நீள்கிறது. நேர் கீழே உள்ள ஒருவருக்கு உச்ச இரைச்சல் குறையும், தூரத்தில் உள்ள பத்துப் பேருக்கு இல்லாத இரைச்சல் வந்து சேரும். உயரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உயரம் மட்டும் போதும் என்பதுதான் தவறு.

இன்னொரு நுணுக்கம். ஹெலிகாப்டரின் முக்கிய ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. டெசிபெல் மீட்டர்களில் வழக்கமாகப் பயன்படும் 'ஏ' அளவீடு தாழ்ந்த ஒலிகளுக்கு மதிப்பைக் குறைத்துத்தான் எண் காட்டும். அதனால் மீட்டர் பின்னணியைவிடக் குறைவாகக் காட்டும்போதே காதுக்கு ஹெலிகாப்டர் தெளிவாகக் கேட்டுவிடும். காது எல்லா அதிர்வெண்ணையும் மொத்தமாகக் கூட்டிக் கேட்பதில்லை. ஏதாவது ஒரு பட்டையில் பின்னணியைத் தாண்டினாலே பிடித்துக்கொள்ளும். இதை ஏற்று, பூங்காவின் பெரும்பகுதிக்குப் பின்னணிக்கு 8 டெசிபெல் கீழேயே 'கேட்கிறது' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான தேசியப் பூங்கா சேவை முடிவு செய்தது. கூட்டம் நிறைந்த பகுதிகளுக்கு மட்டும் பின்னணிக்கு 3 டெசிபெல் மேலே. கேட்கிறதா, கவனத்தை ஈர்க்கிறதா என்ற இரண்டு வேறு கேள்விகளைப் பிரித்துப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

பாதிப் பரப்பு, முக்கால் நாள்

1994-இல் பூங்கா சேவை 'கணிசம்' என்பதற்கு ஓர் எண் கொடுத்தது: பூங்காவின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில், நாளின் 75 முதல் 100 சதவீத நேரம் விமான ஒலி எதுவும் கேட்கக் கூடாது. நாள் என்பது காலை 7 முதல் மாலை 7 வரை. எண் வந்ததும் சண்டை அதற்குள் புகுந்தது. எந்த நாள்? ஆண்டு முழுவதையும் சராசரி போட்டு வரும் ஒரு கற்பனை நாளா, உண்மையான ஒவ்வொரு நாளுமா? பனிக்காலத்தில் பறப்பது குறைவு. ஆண்டுச் சராசரி எடுத்தால் ஜூலையின் நெரிசல் ஜனவரியில் கரைந்துவிடும். விமானப் போக்குவரத்து நிர்வாகம் சராசரியைப் பிடித்துக்கொண்டது. 2002 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜூலையில் வருகிறவர் ஜூலை நாளைத்தான் கேட்கிறார், ஆண்டுச் சராசரியை யாரும் கேட்பதில்லை என்பது எவருக்கும் விளங்கும். சுற்றுலா விமானங்களை மட்டும் எண்ணாமல் மற்ற விமானங்களின் ஒலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற வாதத்துக்கும் அதே தீர்ப்பு இடம் கொடுத்தது.

அங்கேதான் சிக்கல் முற்றியது. முப்பதாயிரம் அடிக்கு மேல் போகும் பயணி ஜெட்களின் ஒலி பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கிறது. அதையும் எண்ணினால் இலக்கு எந்தக் காலத்திலும் எட்டாது. 2008-இல் பூங்கா சேவை 17,999 அடிக்கு மேல் பறப்பவற்றை இலக்கிலிருந்து விலக்கியது. 2011-இல் ஆண்டுக்கு 65,000 சுற்றுலாப் பறப்புகள் என்று வரைவுத் திட்டம் வெளியிட்டது. அப்போது அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு சுமார் 94,000. வரைவு முடிவாகும் முன்பே 2012 ஜூலையில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒன்றுக்குள் ஒரு பிரிவு செருகப்பட்டது; அதிலும் மெக்கெய்னின் பங்கு இருந்தது. ஒதுக்கீடு பெற்ற சுற்றுலா விமானங்களின் ஒலி இல்லாமல் பாதிப் பூங்கா ஒவ்வொரு நாளும் 75 சதவீத நேரம் இருந்தாலே இலக்கு நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்றது அது. ஜெட்டும் தனியார் விமானமும் கணக்கிலேயே இல்லை. 15 ஆண்டுகளுக்குள், அதாவது 2027-க்குள், எல்லாச் சுற்றுலா விமானங்களும் சத்தம் குறைந்த வகைக்கு மாற வேண்டும் என்ற ஒரு நல்ல பகுதியும் அதில் உண்டு. 65,000 திட்டம் அத்தோடு நின்றது.

75 சதவீதம் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 12 மணி நேரத்தில் 25 சதவீதம் என்றால் 180 நிமிடம். பறப்பு ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றால் 45 பறப்புகள். இது 'அமைதி மீட்கப்பட்ட' பாதிக்கு. மீதிப் பாதிக்கு வரம்பே கிடையாது. அந்த 180 நிமிடமும் எப்படி விழுகிறது என்பதுதான் எல்லாம். மூன்று நிமிட அமைதி, ஒரு நிமிட இரைச்சல், மறுபடி மூன்று நிமிட அமைதி என்று நாள் முழுவதும் விழுந்தாலும் 75 சதவீதம்தான். காலையிலிருந்து ஒன்பது மணி நேரம் தொடர்ந்து அமைதி, கடைசி மூன்று மணி நேரம் முழுக்க இரைச்சல் என்றாலும் அதே 75 சதவீதம்தான். முதலாவதில் உட்கார்ந்து ஒரு பறவையின் பாட்டை முழுவதுமாகக் கேட்க முடியாது. இரண்டாவதில் ஒரு பகல் கிடைக்கும். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று.

நேரக் கட்டுப்பாட்டைத் தூக்கிப் பிடிப்பதற்கு இதுதான் காரணம். உச்சவரம்பு 94,000-த்திலிருந்து 65,000 ஆனால் பத்துக்கு ஏழு ஹெலிகாப்டர் வரும். இடைவெளி கொஞ்சம் கூடும், அவ்வளவே. இரவு முழுவதும், காலை எட்டு வரை ஒன்றுகூட இல்லை என்றால் அது அமைதி. ஒலி ஆய்வாளர்கள் இதற்கு 'இரைச்சலற்ற இடைவெளி' என்று ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். விதிகளை அந்த அளவையின் மேல் எழுத வேண்டும்.

இயந்திரத்தின் பங்கு

ஹெலிகாப்டரில் மூன்று இடங்களிலிருந்து சத்தம் வருகிறது: தலைக்கு மேல் சுழலும் பெரிய ரோட்டர், வாலில் உள்ள சின்ன ரோட்டர், எஞ்சின். மிதமான வேகத்தில் சாய்வாக இறங்கும்போது பெரிய ரோட்டரின் ஓர் இதழ் கிளப்பிய காற்றுச் சுழலை அடுத்த இதழ் வெட்டுகிறது. 'டப் டப்' என்று அறைவது போலக் கேட்பது இதுதான். வேகமாக முன்னே போகும்போது, முன்நோக்கி வரும் இதழின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால் எதிரே நிற்பவருக்கு வேறு வகை அறைதல். விமானி கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால், திடீர்த் திருப்பங்களைத் தவிர்த்தால், இறங்கும் சாய்வைக் கவனித்தால் இயந்திரத்தை மாற்றாமலே ஓரளவு குறைக்கலாம். அமெரிக்க ஹெலிகாப்டர் சங்கமே 1980-களிலிருந்து இதைப் பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்கிறது.

இயந்திரத்தையே மாற்றினால் பலன் கூடும். இசி-130 ரகத்தில் வால் ரோட்டர் ஒரு வளையத்துக்குள் அடைக்கப்பட்டு, அதன் இதழ்கள் சம இடைவெளியில் இல்லாமல் வேண்டுமென்றே முன்பின்னாக வைக்கப்பட்டிருக்கும். சம இடைவெளி என்றால் ஒரே சுருதியில் கீச்சென்று காதைக் குத்தும்; இடைவெளி மாறினால் ஒலி பல சுருதிகளில் சிதறி மட்டுப்படும். ட்வின் ஆட்டர் விமானங்களில் மூன்று இதழ் உந்தியை (புரொப்பெல்லரை) எடுத்துவிட்டு, மெதுவாகச் சுழலும் நான்கு இதழ் உந்தி பொருத்தினார்கள்.

'சத்தம் குறைந்தது' என்ற முத்திரைக்கான சூத்திரம் பயணிகள் இருக்கைகளை வைத்துப் போடப்பட்டது. ஹெலிகாப்டர் என்றால் இரண்டு இருக்கைக்கு 80 டெசிபெல். இருக்கை கூடக் கூட மடக்கைக் கணக்கில் வரம்பு உயரும். ஏழு இருக்கைக்கு 85.4. பெரிய வண்டி அதிகம் பேரை ஏற்றினால் நடை குறையும் என்ற நியாயம் அது. நடை உண்மையில் குறைந்தால் நியாயம்தான். ஆனால் 20 டெசிபெல் பின்னணியில், 5 டெசிபெல் குறைந்த இயந்திரமும் கேட்கத்தான் செய்யும். பேச்சைக் கெடுக்காது, திடுக்கிட வைக்காது. கேட்கும் நான்கு நிமிடம் மூன்றரை ஆகலாம். 2027 கெடுவால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருப்பவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

பூங்காவின் மேற்குக் கோடியில், எல்லைக்கு வெளியே கதை வேறு. அங்கே ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். குவார்ட்டர்மாஸ்டர் என்ற இடத்தில் பள்ளத்தாக்கின் அடியிலேயே, ஆற்றங்கரைக்கு மேல், ஹெலிகாப்டர்கள் இறங்குகின்றன. லாஸ் வேகஸிலிருந்து வரும் கூட்டம் பெரும்பாலும் இங்கேதான். பழங்குடிக்காகச் செய்யும் இந்தப் பறப்புகளுக்கு 2000-ஆம் ஆண்டு உச்சவரம்பு விதியிலிருந்து விலக்கு உண்டு. இரண்டு வாரம் படகில் அமைதியாக வந்த ஒருவர் கடைசி நாளில் இந்தத் திருப்பத்துக்குள் நுழைந்தால், தலைக்கு மேல் ஓயாத சந்தைக்குள் வந்து சேர்வார். எரிச்சல் வரும்தான். ஆனால் அந்த வருமானம் ஒரு சின்னச் சமூகத்தின் பிழைப்பு, நிலமும் அவர்களுடையது. பூங்காவுக்குள் ஆண்டுக்குப் பல்லாயிரம் பறப்பை அனுமதித்துக்கொண்டு, அவர்களிடம் மட்டும் அமைதி கேட்பது நியாயமாகாது.

தொடக்கப் புள்ளியில் ஏமாந்தால்

2000-ஆம் ஆண்டு உச்சவரம்பு எப்படிப் போடப்பட்டது தெரியுமா? 1997 மே முதல் 1998 ஏப்ரல் வரை ஒவ்வொரு நிறுவனமும் பறந்ததாகக் கொடுத்த எண்ணிக்கையே அதன் ஒதுக்கீடு ஆனது. கட்டுப்பாடு இல்லாத காலத்தின் எண்ணிக்கை அப்படியே உரிமையாக மாறியது. அதே ஆண்டு மற்ற பூங்காக்களுக்கும் ஒரு சட்டம் வந்தது: ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு வான்சுற்றுலாத் திட்டம் வகுக்க வேண்டும், அதுவரை நிறுவனங்களுக்கு இடைக்கால அனுமதி. இருபது ஆண்டுகள் ஒரு திட்டமும் உருப்பெறவில்லை, இடைக்காலமே நிரந்தரமாயிற்று. 2020 மே மாதம் நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவிட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. ஹவாய் எரிமலைகள் பூங்காவில் ஆண்டுக்குச் சுமார் 11,000 ஆக இருந்த பறப்புகள் 1,600-க்கும் கீழே என்று வரம்பிடப்பட்டன. கிளேசியர் பூங்காவில் 2029 முடிவோடு நிறுத்தம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பூங்காக்களின் திட்டம் 2024 நவம்பரில் நீதிமன்றத்தில் அடிபட்டதும் இதே தொடக்கப் புள்ளி விவகாரத்தால்தான். இடைக்கால அனுமதியில் நடந்த பறப்பையே 'இப்போதைய நிலை' என்று எடுத்துக்கொண்டு, திட்டத்தால் புதிதாகப் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே உள்ள இரைச்சலோடு ஒப்பிட்டால் எந்த இரைச்சலும் புதிதல்ல. ஒப்பிட வேண்டியது விமானமே இல்லாத நிலையோடு.

இதற்கு மறுபக்கம் ராக்கி மவுண்டன் பூங்கா. 1997-இல் அங்கே வான்சுற்றுலா தடை செய்யப்பட்டது, பிறகு சட்டத்திலும் ஏறியது. அப்போது அங்கே ஒரு நிறுவனமும் தொழில் தொடங்கியிருக்கவில்லை. பறிக்க யாருடைய உரிமையும் இல்லை. புதிதாக ஹெலிகாப்டர் சேவைக்கு ஆசைப்படும் எந்த மலையூரும் முதல் தளம் கட்டுவதற்கு முன்பே நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்துவிட வேண்டும். தளம் வந்தபின் நடப்பது பேரம் மட்டுமே.

நம் பக்கத்தில் கேதார்நாத்தைச் சொல்லலாம். தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் போய்வரும் இடம். ஃபாட்டா, சிர்சி, குப்தகாசி தளங்களிலிருந்து மந்தாகினிப் பள்ளத்தாக்கு வழியாக, கஸ்தூரி மான் வாழும் காட்டுயிர் சரணாலயத்தின் மேல், 3,583 மீட்டர் உயரக் கோயிலுக்கு யாத்திரைக் காலத்தில் ஹெலிகாப்டர்கள் போய்வருகின்றன. தரையிலிருந்து 600 மீட்டர் உயரம், 50 டெசிபெல்லுக்கு மிகாத ஒலி என்று இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் பரிந்துரை உண்டு. ஆனால் குறுகலான பள்ளத்தாக்கில் மேகம் இறங்கினால் விமானி அதற்குக் கீழேதான் பறந்தாக வேண்டும். 600 மீட்டர் கிடைக்காது. அப்போது செய்ய வேண்டியது சேவையை நிறுத்துவது. 2022 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் இந்தத் தடத்தில் நடந்த விபத்துகளில் ஏழேழு பேர் இறந்திருக்கிறார்கள். உயரம் கிடைக்காத நாளில் பறக்காதே என்ற ஒரே விதி மானுக்கும் மனிதனுக்கும் சேர்த்து உதவும்.

நீங்களே அளக்க விரும்பினால்

ஓர் ஊரோ ஒரு சங்கமோ முறையிட நினைத்தால், கைப்பேசிச் செயலியில் டெசிபெல் காட்டிப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். கைப்பேசி மைக்கின் சொந்த இரைச்சலே 30 டெசிபெல்லுக்கு மேல் இருக்கும். அமைதியான இடத்தில் அது தன்னைத்தானே அளந்துகொண்டிருக்கும். பூங்கா சேவை பயன்படுத்துவது முதல்தரத் துல்லியம் உள்ள ஒலிமானி. முக்காலியில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், அதாவது நிற்பவரின் காது மட்டத்தில் மைக். அதன் மேல் பஞ்சுக் காற்றுத்தடுப்பு. பறவை உட்காராதபடி மேலே கம்பிகள். பக்கத்தில் காற்று வேகமானி: நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டிய நேரத்துப் பதிவுகளைத் தள்ளிவிட வேண்டும், அவற்றில் இருப்பது மைக்கில் காற்று மோதும் சத்தம். ஒவ்வொரு நொடியும் அதிர்வெண் பட்டை பட்டையாகப் பதிவு. ஒரு பருவத்துக்குக் குறைந்தது 25 நாள். அதற்குக் குறைந்தால் நாலு நாள் மழையும் ஒரு திருவிழாவும் மொத்தக் கணக்கையே மாற்றிவிடும். ஓடைக்குப் பக்கத்தில் வைத்தால் ஓடைதான் பதிவாகும்.

இவ்வளவு கருவி இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம், அதற்குச் செலவே கிடையாது. ஒருவர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து, விமான ஒலி காதுக்கு எட்டிய நொடியையும் முற்றிலும் மறைந்த நொடியையும் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். எது விமானம், எது ஹெலிகாப்டர், எது உயரே போகும் ஜெட் என்று தனித்தனியாக. பூங்கா சேவையின் ஆட்களும் இதைத்தான் கையடக்கக் கருவியில் பொத்தான் அழுத்திச் செய்கிறார்கள். காலை, நண்பகல், மாலை என்று பத்து நாள் எழுதினால் எத்தனை சதவீதம் கேட்டது, மிக நீண்ட அமைதி எத்தனை நிமிடம் என்ற இரண்டு எண் கிடைக்கும். இரண்டாவது எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். எந்த விமானம் என்று அறிய, விமானங்கள் ஒலிபரப்பும் இருப்பிடத் தகவலைப் பிடிக்கும் சிறு அலைவாங்கி போதும். ஆனால் பள்ளத்துக்குள் வைத்தால் மலை மறைத்துவிடும், மேட்டில் வையுங்கள். எல்லா ஹெலிகாப்டரும் அதை ஒலிபரப்புவதில்லை என்பதால் கையெழுத்துப் பதிவேடுதான் முதன்மை.

கிராண்ட் கேன்யனுக்கே போகிறவர்களுக்கு: ஜூனில் அங்கே சூரியன் ஐந்தேகால் மணிக்கு உதிக்கிறது. எட்டு வரை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வெளிச்சமும் இருக்கும், சுற்றுலா ஹெலிகாப்டரும் இருக்காது. மாலை ஆறுக்குப் பிறகு இருட்டும் வரை மறுபடி இரண்டு மணி நேரம். மீட்பு ஹெலிகாப்டருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது வந்தால் யாருக்கோ அவசரம். பகலில் நடப்பதானால் பிரைட் ஏஞ்சல், தென் கைபாப் பாதைகள். ஹெர்மிட் சாலைக்கு மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டி போகாது, பூங்காவின் இலவசப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். விடியுமுன் கிளம்பும் முதல் பேருந்திலேயே ஏறிவிடுங்கள். கைப்பேசிக் கடிகாரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அரிசோனா கோடையில் மணியை முன்தள்ளி வைப்பதில்லை, பக்கத்து நவஹோ நிலம் வைக்கிறது. டெசர்ட் வியூ பக்கம் நவஹோ கோபுரத்தின் அலையைப் பிடித்தால் கைப்பேசி ஒரு மணி நேரம் முந்திக் காட்டும். அதை நம்பினால் ஏழு மணிக்கே எட்டாகிவிட்டது என்று நினைத்து எழுந்து வந்துவிடுவீர்கள்.